தரையிறங்கிய பிறகுதான் மூச்சு வாங்கும்... லே விமானப் பயணத்தில் இதைக் கவனிங்க!

டெல்லியிலிருந்து லடாக்கின் லே நகருக்குப் போகும் காலை விமானத்தில் ஜன்னல் சீட்டுக்குத்தான் போட்டி. ஒன்றேகால் மணி நேரத்தில் பனி மூடிய இமயமலைச் சிகரங்களைப் பார்த்தபடியே போய்ச் சேரலாம்.

விமானம் 30,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயரத்தில் இருப்பதுபோலவே பராமரிக்கப்படுகிறது. அதாவது, கிட்டத்தட்ட ஊட்டியில் உட்கார்ந்திருப்பதுபோல! சிப்ஸ் பாக்கெட் உப்புவதும், காது அடைப்பதும், வயிறு உப்புசமாவதும் இந்த அழுத்த மாற்றத்தால்தான். உள்ளே காற்று வறண்டிருப்பதால் தொண்டையும் உலர்ந்துபோகும்.

மற்ற ஊர்களில் விமானம் இறங்க இறங்க உள்ளே அழுத்தம் கூடும். லேயில் அப்படியே தலைகீழ். அதன் விமான நிலையமே 10,682 அடி உயரத்தில் இருக்கிறது. அதனால், கதவைத் திறப்பதற்குள் உள்ளே அழுத்தத்தைக் குறைத்தாக வேண்டும். பறந்தபோது கிடைத்ததைவிட, தரையில் கிடைக்கும் காற்று மெலிந்தது.

காற்றில் ஆக்சிஜன் விகிதம் அங்கேயும் 21 சதவிகிதம்தான். ஆனால், அழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் ஆக்சிஜன் அந்த அளவுக்குக் குறைகிறது.

முதல் சில மணி நேரத்துக்கு ஒன்றும் தெரியாது என்பதுதான் சிக்கல். பலரும் பெட்டியை வைத்த கையோடு லே அரண்மனைக்கு ஏறிவிடுகிறார்கள். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் இரவில்தான் தொடங்கும்.

முதல் 48 மணி நேரம் ஓய்வு, போதுமான தண்ணீர், மதுவுக்குத் தடை. இதுதான் பாதுகாப்பு. இதய, நுரையீரல் பிரச்னை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பார்ப்பது நல்லது.

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத்திணறல், விடாத இருமல், நடையில் தள்ளாட்டம், பேச்சில் குழப்பம்... இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். காரில் கீழே இறங்கிவிடலாம் என்றும் நினைக்க முடியாது. மணாலி, ஸ்ரீநகர் சாலைகள் இரண்டுமே லேயைவிட உயரமான கணவாய்களைத் தாண்டித்தான் இறங்குகின்றன.

அரண்மனை எங்கும் போய்விடாது. முதல் நாள் லேயில் பார்க்க வேண்டிய இடம், ஹோட்டல் அறையின் ஜன்னல்தான். அங்கிருந்தும் இமயமலை தெரியும்!