‘நீங்க போயிட்டு வாங்க!’ - குடும்பமே ஹோட்டலுக்குக் கிளம்பும்போது வீட்டில் தங்கிவிடுவது யார்?

‘சண்டே வெளியில சாப்பிடலாமா?’ என்று ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு கேள்வி விழுந்தால் போதும். பத்து நிமிடத்தில் கட்டைவிரல்கள் வரிசைகட்டும். பிரியாணி படம் வரும், பீட்சா படம் வரும். சிக்கல் அடுத்த கேள்வியில் ஆரம்பிக்கும்... ‘எங்கே?’

சென்னையில் ஹோட்டலுக்கா பஞ்சம்? தெருவுக்குத் தெரு இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டின் ஆறு பேருக்கும் ஒத்துவரும் ஹோட்டல் எது என்று தேட ஆரம்பித்தால், சனிக்கிழமை இரவு வரை பேச்சு நீளும். கடைசியில் யாராவது ஒருவர், ‘எனக்கு வேண்டாம், நீங்க போயிட்டு வாங்க’ என்பார். மற்றவர்களுக்கு அப்பாடா என்றிருக்கும். ஒருவர் குறைந்ததும் ஹோட்டலும் உடனே முடிவாகிவிடும்.

வேளச்சேரியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வசிக்கும் குடும்பம் அது. பாட்டிக்கு 71 வயது. அறுபது வயதில் அசைவத்தை விட்டவர். அசைவம் சமைக்கும் இடத்தில் காபிகூடக் குடிக்க மாட்டார். தாத்தாவுக்கு சர்க்கரை, பல்செட் வேறு. அப்பாவுக்கு வெளியே சாப்பிடுவது என்றால் பிரியாணிதான். ஒன்பதாம் வகுப்பு மகளுக்கு இட்லி, தோசை என்றாலே, ‘அதை வீட்லயே சாப்பிடலாமே!’ ஐந்து வயது மகன் சாப்பிடுவது மொத்தமே நான்கு ஐட்டங்கள்: சட்னி, பொடி எதுவும் படாத தோசை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், வாழைப்பழம். அம்மா? ‘எனக்கு எதுன்னாலும் ஓகே.’

அப்பாவின் பிறந்தநாளுக்காக மகள் போனில் ஒரு வீடியோ செய்ய உட்கார்ந்தாள். ஒரு வருடத்தில் குடும்பமாக ஹோட்டலுக்குப் போன படங்களைத் தனியாக எடுத்து வைத்தாள். ஐந்து முறை போயிருக்கிறார்கள். பாட்டி இருந்தது ஒரே ஒரு படத்தில். அம்மா எல்லாப் படத்திலும் இருந்தார். எதிலும் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை, தம்பிக்கு ஊட்டிக்கொண்டிருந்தார்.

“பாட்டி, நீங்க ஏன் வர்றதே இல்ல?”

“எனக்கு ரசம் சாதம் போதும் கண்ணு. நான் வந்தா உங்களுக்குத்தான் கஷ்டம்.”

கஷ்டம் என்று வீட்டில் யாரும் பாட்டியிடம் சொன்னதில்லை. பிரியாணிக் கடை முடிவானபோது ‘அப்போ பாட்டி?’ என்று யாரும் கேட்டதும் இல்லை.

மெனு கார்டு சின்னதாக இருந்த காலம்

தாத்தாவின் தலைமுறைக்கு இந்தக் குழப்பம் கிடையாது. சம்பளம் வந்த வாரத்தில் ஒருநாள் ஹோட்டல், அவ்வளவுதான். கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்தது. மரத்தடியில் காரை நிறுத்தினால் சாப்பாடு காருக்கே வரும். 2008-ல் அது மூடப்பட்டு, 2010-ல் அந்த இடம் செம்மொழிப் பூங்காவாகிவிட்டது. கார் இல்லாதவர்களுக்குப் பல ஹோட்டல்களில் ‘குடும்பத்தினர் அறை’ என்று தடுப்பு வைத்த ஓர் அறை இருக்கும். எங்கே போனாலும் இட்லி, வடை, பூரி, நெய் ரோஸ்ட், மதியம் என்றால் மீல்ஸ். கிடைப்பதை எல்லோரும் சாப்பிட்டார்கள்.

இன்று ஒரு நடுத்தர சைவ ஹோட்டலின் மெனு கார்டைப் புரட்டினால் பாவ் பாஜி, சோலா பூரி, பனீர் பட்டர் மசாலா, கோபி மஞ்சூரியன், ஷெஸ்வான் நூடுல்ஸ் எனப் பக்கம் பக்கமாகப் போகிறது. அவரவருக்கு ஒரு ருசி வளர்ந்துவிட்டது. ‘இது பிடிக்காது’ என்று சொல்வதும் சுலபமாகிவிட்டது. வீட்டில் குழந்தையை மட்டும்தான் ‘சாப்பாட்டுல படுத்துறான்’ என்கிறோம். எண்ணிப் பார்த்தால் அந்த வீட்டில் ஆறு பேருமே அப்படித்தான். பிரியாணி தவிர வேறெதுவும் வெளிச்சாப்பாடே இல்லை என்கிற அப்பாவும் அந்தக் கணக்கில் வருவார்.

‘முடியாது’ வேறு, ‘பிடிக்காது’ வேறு

மகள் ஒரு நோட்டுப் பேப்பரை எடுத்துக்கொண்டு எல்லோரிடமும் போனாள். ‘என்ன வேணும்?’ என்று கேட்காமல், ‘எது கண்டிப்பா முடியாது?’ என்று கேட்டாள். பதில்கள் தானாகவே இரண்டாகப் பிரிந்தன.

பாட்டிக்கு அசைவ ஹோட்டல் முடியாது. அது ருசி சம்பந்தப்பட்டதல்ல, நம்பிக்கை. தாத்தாவுக்குக் காத்திருக்க முடியாது. இன்சுலினோ, சில வகை சர்க்கரை மாத்திரைகளோ எடுப்பவர்கள் அதைப் போட்டுக்கொண்டு, சாப்பாடு கிடைக்காமல் முக்கால் மணி நேரம் ஹோட்டல் வாசலில் நின்றால், சர்க்கரை அளவு அபாயமாகத் தாழ்ந்துவிடலாம். ‘ஏசி ஹால் மாடியில சார்’ என்றால் முட்டி வலிக்கும் அது முடியாதுதான். இதே வரிசையில்தான் ஒவ்வாமையும் வருகிறது. முந்திரி ஒத்துக்கொள்ளாத ஒருவர் வீட்டில் இருந்தால், வட இந்திய கிரேவிகள் பலவற்றில் முந்திரி விழுது இருக்கும் என்பதை நினைவில் வைத்து, ஆர்டர் கொடுக்கும்போதே சர்வரிடம் சொல்லிவிட வேண்டும். பத்து, அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளைகள் உள்ள ஹோட்டல்கள் மெனுவில் கலோரி அளவையும் ஒவ்வாமை விவரத்தையும் தர வேண்டும் என்கிற விதி 2022 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. கார்டில் இல்லையென்றால் கேட்கலாம்.

அப்பாவின் பிரியாணியும் மகளின் ‘இட்லி போர்’ என்பதும் இரண்டாவது பட்டியலுக்குப் போயின. அவை ஆசைகள். இன்னொரு நாளுக்குத் தள்ளிவைக்கலாம். ‘முடியாது’ பட்டியலை வைத்து ஹோட்டலையும், ‘பிடிக்கும்’ பட்டியலை வைத்து அங்கே ஆர்டரையும் முடிவு செய்வது என்று ஆனது.

தம்பியின் நான்கு ஐட்டங்கள் எந்தப் பட்டியல்? அதில்தான் வீட்டில் இரண்டு கருத்து. ‘பசிச்சா சாப்பிடுவான்’ என்றார் அப்பா. குழந்தைகள் நல மருத்துவர்கள் இதை அப்படிப் பார்ப்பதில்லை. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய உணவைக் கண்டு பின்வாங்குவது வளர்ச்சியில் இயல்பான ஒரு கட்டம். ‘ஃபுட் நியோஃபோபியா’ என்பது அதன் பெயர். ஒரு புதிய ருசியைக் குழந்தை ஏற்றுக்கொள்ள அது 8 முதல் 15 முறை வரைகூடத் தட்டுக்கு வர வேண்டியிருக்கும். வற்புறுத்தினால் வெறுப்புதான் கூடும். என்ன, எப்போது, எங்கே என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். சாப்பிடுவதா, எவ்வளவு என்பதைக் குழந்தை முடிவு செய்யட்டும் என்பது அமெரிக்க ஊட்டச்சத்து நிபுணர் எல்லின் சாட்டர் முன்வைத்த வழி. குழந்தையின் எடை குறைந்தாலோ, சாப்பிடும் ஐட்டங்களின் எண்ணிக்கை மேலும் மேலும் சுருங்கினாலோ டாக்டரைப் பார்க்க வேண்டும். மற்றபடி, பழக்குவதெல்லாம் வீட்டில். நூறு பேர் சத்தம் போடும் ஹாலில், பக்கத்து டேபிளைக் காட்டி, ‘அந்தப் பையன் எப்படிச் சாப்பிடுறான் பாரு’ என்பதில் குழந்தைக்கு அழுகைதான் மிஞ்சும். தம்பியின் நான்கு ஐட்டங்களும் இப்போதைக்கு ‘முடியாது’ பக்கமே சேர்ந்தன.

எந்த மாதிரி இடம்?

முதலில் வந்த யோசனை மால். ஃபுட் கோர்ட்டில் அவரவர் அவரவருக்குப் பிடித்ததை வாங்கிக்கொண்டு ஒரே மேஜையில் உட்காரலாம். டீன் ஏஜ் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் சைவமும் அசைவமும் அடுத்தடுத்த கவுன்ட்டரில் இருக்கும் இடத்தில் பாட்டி தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமையில் நாற்காலி பிடிப்பதே ஒரு வேலை.

அடுத்து பஃபே. தலைக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு, தாத்தா இரண்டு கரண்டி சாதமும் தம்பி ஒரு கிண்ணம் தயிரும் சாப்பிட்டால், ‘குடுத்த காசுக்கு இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க’ என்று யாராவது சொல்லாமல் இருக்க மாட்டார்கள். அதிகம் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் அந்தக் கணக்கு சரிவரும்.

பல பக்க மெனு உள்ள சைவ ஹோட்டல்தான் மிஞ்சியது. பாட்டி வருவார், மகளுக்கு நூடுல்ஸ் உண்டு, தம்பிக்கு தோசை. அப்பாதான் ஒரு வேளை பிரியாணியை விட வேண்டும். “சரி, திங்கக்கிழமை ஆபீஸ் பக்கத்துல பார்த்துக்கிறேன்” என்றார்.

நாள் குறிக்கும்போது அம்மா ஒன்றைச் சொன்னார். “மத்தியானம் வேண்டாங்க. நிறைய ஹோட்டல்ல மூணு மணி வரைக்கும் மீல்ஸ்தான். தோசைக் கல்லையே போட மாட்டாங்க. தயிர் சாதம் வாங்கினா கடுகு, மிளகாய், மாதுளை எல்லாம் போட்டு வரும். இவன் தொடக்கூட மாட்டான். போன தடவை அப்படித்தானே ஆச்சு.”

போன தடவை என்ன நடந்தது என்று அம்மாவுக்குத்தான் நினைவிருந்தது. பசியோடு அழுத பையனை வெளியே தூக்கிக்கொண்டு போய் வாழைப்பழம் வாங்கிக் கொடுத்தவர் அவர். திரும்பி வந்தபோது அவருடைய இலையில் சாம்பார் ஆறியிருந்தது.

மாலை டிபன் என்று முடிவானது. ஐந்து மணிக்கு மேல் மயிலாப்பூர். முதலில் கபாலீசுவரர் கோயில், அப்புறம் பக்கத்திலேயே ஒரு சைவ ஹோட்டல். தரைத்தளத்தில் ஹால் இருக்கிறதா என்று அப்பா போன் போட்டுக் கேட்டுக்கொண்டார். மகள் டெலிவரி ஆப்பில் அந்த ஹோட்டலின் மெனுவைத் திறந்து, யாருக்கு என்ன என்று முன்கூட்டியே எழுதி வைத்தாள். கடைசியில் அம்மாவிடம் வந்தாள்.

“உனக்கு என்னம்மா?”

“எதுன்னாலும் ஓகேடா.”

“அப்படி ஒரு ஐட்டம் மெனுல இல்லம்மா.”

அம்மா சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் யோசித்தார். “அடை அவியல். யாராவது ஊத்திக் குடுத்த அடையைச் சாப்பிட்டு ரொம்ப நாளாச்சு.”

ஞாயிற்றுக்கிழமை மாலை

வேளச்சேரியிலிருந்து திருமயிலைக்குப் பறக்கும் ரயில். தம்பிக்கு அதுவே பாதி விருந்து. ஸ்டேஷனிலிருந்து பெரியவர்களுக்கு ஆட்டோ. கோயிலில் பாட்டி நிதானமாகச் சுற்றி வந்தார். ஆறரைக்கு ஹோட்டலுக்குள் நுழைந்தபோது இடம் இருந்தது. ஏழரைக்கு மேல்தான் வாசலில் கூட்டம் சேர்ந்தது.

ஆர்டர் சொன்னது மகள். “அண்ணா, இந்த தோசை மட்டும் முதல்ல குடுங்க. முறுகலா வேண்டாம், மெத்துன்னு. பொடி, வெங்காயம் எதுவும் வேண்டாம். சட்னி தனிக் கிண்ணத்துல.” சர்வர் பையனைப் பார்த்துச் சிரித்தார். “எங்க வீட்லயும் ஒண்ணு இருக்கும்மா இப்படி!” ஐந்து நிமிடத்தில் தோசை வந்துவிட்டது. பையனுக்குப் பக்கத்தில் இந்த முறை அப்பா உட்கார்ந்திருந்தார். பிட்டுக் கொடுக்கும் வேலை அவருக்கு. தாத்தாவுக்கு இட்லி, சர்க்கரை இல்லாத காபி. மகளுக்கு நூடுல்ஸ். பாட்டி கேட்டது ரவா தோசை. “வீட்டுல எனக்கு இப்படி ஓட்டை ஓட்டையா வர்றதே இல்ல” என்று சொல்லி, ஓரத்து மொறுமொறுப்பைக் கிள்ளிப் பேத்தியின் தட்டில் வைத்தார். பேத்தி அதைச் சாப்பிட்டாள். இன்னும் கொஞ்சம் கேட்டாள்.

பில்லை அப்பா ஒருமுறை படித்துப் பார்த்தார். சாதாரண ஹோட்டல் என்றால் ஜி.எஸ்.டி. 5 சதவிகிதம். ‘சர்வீஸ் சார்ஜ்’ என்று தனியாக ஒரு வரி இருந்தால் அது வரி அல்ல. அதைத் தானாக பில்லில் சேர்க்கக் கூடாது என மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் சொல்லிவிட்டது. எடுக்கச் சொல்லலாம், மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த பில்லில் அப்படி எதுவும் இல்லை. தோசையை முதலில் கொண்டுவந்த சர்வருக்கு அப்பா தனியாக டிப்ஸ் வைத்தார்.

அம்மாவின் அடை கடைசியில்தான் வந்தது, ஓரத்தில் வெண்ணெய் உருகிக்கொண்டு. அதற்குள் மற்ற தட்டுகளெல்லாம் காலி. வழக்கமாக இந்த நேரத்தில் ஒவ்வொருவராகக் கை கழுவப் போய்விடுவார்கள். அம்மா அவசர அவசரமாக முடிப்பார். தாத்தா இன்னொரு காபி சொன்னார். பாட்டி, “மெதுவா சாப்பிடும்மா, என்ன அவசரம்” என்றார். அம்மா சாப்பிட்டு முடிக்கும் வரை யாரும் எழுந்திருக்கவில்லை.