மைக் இல்லாத கூடம்

சென்னைக்காரர்களுக்கு மார்கழி முடிந்தால் இசைக்காலம் முடிந்தது. எங்களுக்குத் தொடங்குவதே அப்போதுதான். அங்கே ஒரு மாதம் சபா சபாவாக ஏறி இறங்கிய வித்வான்கள் தை பிறந்ததும் மேற்கே ரயிலேறுவார்கள். கோவை ஆர்.எஸ்.புரம் பாரதிய வித்யா பவனில் பொங்கலை ஒட்டி இசை விழா நடக்கும். ராமநவமி வந்துவிட்டால் ராம்நகர் கோதண்டராமர் கோயிலில் கச்சேரிகள். பெரியநாயக்கன்பாளையத்திலிருந்து டவுன் பஸ் பிடித்துப் போய்க் கேட்டுவிட்டு, கச்சேரி முடியும் முன்பே செருப்பைத் தேடிக்கொண்டு கடைசி பஸ்ஸுக்கு ஓடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். மங்களம் என்பது பல வருஷம் எனக்கு வாசலுக்கு வெளியே கேட்கிற பாட்டாகவே இருந்தது.

வயதான பிறகு அவ்வளவு தூரம் போய்வர முழங்கால் சம்மதிக்கவில்லை. அதற்குள் எங்கள் ஊரிலேயே இசைப் பைத்தியம் பிடித்த நாலு பேர் கூடிவிட்டார்கள். சங்கமென்று பதிவு செய்யவில்லை, பெயர்ப்பலகையும் கிடையாது. ஒருவர் வீட்டு மாடிக் கூடம். தையிலிருந்து வைகாசி வரை மாதம் ஒரு கச்சேரி. ஓய்வு பெற்ற தமிழ் வாத்தியார் ஒருவர் செயலாளர். பொருளாளரும் அவரே, ஜமக்காளத்தை உதறி விரிப்பவரும் அவரே. "வாங்க, வாங்க, முன்னால வந்து உக்காருங்க. பின்னால சுவத்துல சாஞ்சீங்கன்னா தூக்கம் வந்துருமுங்க" என்று படியேறும்போதே பிடித்துக்கொள்வார். பெரிய பெயருள்ளவர்களைக் கூப்பிட எங்களுக்கு வழியில்லை. வளர்ந்துவருகிற பிள்ளைகள், பாட்டு டீச்சராகவே ஆயுளைக் கழித்தவர்கள், கோயில் உற்சவங்களில் வாசிப்பவர்கள், இவர்கள்தான் வருவார்கள். வண்டிச் சத்தமும் ஒரு சிறு தொகையும் ராத்திரிச் சாப்பாடும் உண்டு. மழை பெய்தால் கேட்பவர்களைவிடச் சுண்டல் அதிகமாக இருக்கும்.

மைக் கிடையாது. அதற்குக் கொள்கை எதுவும் காரணமில்லை, காசில்லை, அவ்வளவுதான். கொள்கையாகவே மைக் வேண்டாமென்று நின்றவர் பாலக்காடு மணி ஐயர். கணவாய்க்கு அந்தப் பக்கத்துக்காரர், எங்களுக்கு ஒருவகையில் அக்கம்பக்கம். மிருதங்கத்துக்கென்று முதன்முதலாக சங்கீத கலாநிதிப் பட்டம் 1966-இல் அவருக்குத்தான் வந்தது. வலந்தலையில் ஒரு விரல் நுனி படுவதற்கும் இரண்டு விரல் விழுவதற்கும் உள்ள வித்தியாசம், தொப்பியில் உள்ளங்கை அழுந்தி எழும் கும்காரம் ஏறி இறங்குவது, இதையெல்லாம் ஒலிபெருக்கி ஒரே மட்டமாக்கிவிடும். அவ்வளவு பெரிய வித்வான் இப்படிப் பிடிவாதம் பிடித்தது எதற்கென்று இளவயதில் எனக்கு விளங்கவில்லை. ஊர்த் திருவிழாவில் புளியமரத்தில் கட்டிய கூம்பு ஒலிபெருக்கி எத்தனை தோட்டம் தாண்டிக் கேட்கிறதோ அத்தனை உயர்ந்த பாட்டு என்று நினைத்திருந்த காலம் அது.

சின்ன அறையில் கேட்பது ஏழைகளின் சமாதானம் என்று யாராவது சொன்னால் அவர்களுக்கு வீணை தனம்மாளைச் சொல்வேன். சென்னை ஜார்ஜ் டவுனில் அவர் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலைதோறும் வீணை வாசிப்பார். 1938-இல் மறைந்தார். அவர் வாசிப்பு அத்தனை மென்மை. கேட்க வந்தவர்கள் தொண்டையைக் கனைக்கவும் தயங்கியிருக்கிறார்கள். ஊரில் பெரிய பெரிய பாடகர்கள் அந்தச் சின்ன வீட்டுக்கு வந்து தரையில் உட்கார்ந்தார்கள். சத்தத்தைக் கூட்டிக் கொடுக்கும்படி யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. கேட்கிறவர்தான் காதைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருந்தது.

கோயம்புத்தூர் தாயி என்று இன்னொருவர். எங்கள் ஊர்ப் பெயரைச் சுமந்துகொண்டு சென்னையில் வாழ்ந்த பாடகி, 1917-இல் காலமானார். கிராமபோன் வந்த புதிதில் அவர் குரல் இசைத்தட்டுகளில் ஊரெல்லாம் சுற்றியது. 1912 வாக்கில் இந்தியாவுக்கு வந்த மோரிஸ் டெலாஜ் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளர், ராவெலின் சீடர், அந்தக் குரலில் கிறங்கிப்போனார். திரும்பிப் போய் 'ராகமாலிகா' என்று ஒரு பியானோ உருப்படி எழுதினார். பியானோவின் இயல்பான நாதம் அவருக்குப் போதவில்லை. ஒரு சுரத்தின் தந்தியை மழுக்கி வாசிக்கச் சொன்னார். ஒரு குரலோடு சில வாத்தியங்கள் மட்டும் சேரும் 'நான்கு இந்துக் கவிதைகள்' என்பதும் அந்தப் பயணம் தந்ததே. நம் தம்புராவிலும் குதிரைமேல் தந்திக்கடியில் ஒரு துண்டு நூலைச் செருகித்தான் ஜீவா வைக்கிறோம். அந்த வெள்ளைக்காரர் கிட்டத்தில் காதை வைத்துக் கேட்டிருக்கிறார் என்பதற்கு எனக்கு இது போதும்.

நான் பஞ்சாலை எந்திரங்களோடு வாழ்ந்தவன், ஃபிட்டர். பேரிங் தேய்ந்துவிட்டதா என்று பார்க்க ஸ்க்ரூ டிரைவரின் முனையை எந்திரத்தில் வைத்து, பிடியைக் காதோரம் அழுத்திக் கேட்போம். சுற்றிலும் எத்தனை இரைச்சல் இருந்தாலும் அந்த ஒரு பேரிங் மட்டும் உள்ளே வந்து பேசும். மாடிக் கூடத்தில் முதல் கச்சேரி கேட்டபோது எனக்கு அந்த ஸ்க்ரூ டிரைவர் ஞாபகம்தான் வந்தது. பெரிய அரங்கத்தில் பாடகர் மட்டுமே எனக்குத் தெரிவார். இங்கே மற்றவர்கள் தெரிய ஆரம்பித்தார்கள். மிருதங்கக்காரர் தொப்பியில் ரவையைப் பிசைந்து அப்புவது, வலந்தலையைக் கல்லால் தட்டித் தட்டிச் சுருதிக்குக் கொண்டுவருவது, பின்னால் உட்கார்ந்த பெண் பிள்ளை கச்சேரி முழுக்க நாலே தந்தியை மீட்டிக்கொண்டு ஒரு முறைகூடக் கொட்டாவி விடாதது எல்லாம் கண்ணில் பட்டன. அதைவிட முக்கியமாக, யார் யார் எப்போது வாசிக்காமல் இருக்கிறார்கள் என்பது தெரிந்தது.

ஒரு பங்குனி மாதம். இளம்பெண் ஒருத்தி பாட வந்திருந்தாள். தொண்டை சரியில்லை என்பது வர்ணத்திலேயே தெரிந்தது, சுடுதண்ணீர்க் குடுவை கையெட்டும் தூரத்திலேயே இருந்தது. காம்போதி ஆலாபனையை நிதானமாக எடுத்து மேல் சட்ஜத்துக்கு ஏறினாள். ஏறிய இடத்தில் குரல் பிசிறிற்று. அடுத்த மூச்சில் மறுபடி தொட்டாள். அது இன்னும் மோசம். எனக்கு இரண்டாம் வரிசை, அந்தப் பிள்ளையின் கண் கலங்குவது தெரிகிறது. வயலின் வாசித்த அம்மாளுக்கு அறுபது இருக்கும். அதுவரை பாட்டின் நிழல் மாதிரி ஒட்டியே வந்துகொண்டிருந்தவர், அந்தச் சட்ஜத்தைத் தாமே பிடித்து ஒரு நீண்ட வில்லில் நிறுத்தினார். அதை அழகாகக் கீழே இறக்கிக்கொண்டு வந்து நடு சட்ஜத்தில் விட்டுவிட்டு, பாடுகிறவளைப் பார்த்து மெல்லத் தலையசைத்தார். அந்தப் பெண் கீழ்ஸ்தாயியிலேயே இன்னும் கொஞ்ச நேரம் நல்ல குரலில் பாடி முடித்தாள். அதன்பின் வயலினுக்கு ஆலாபனை வந்தபோது, மேலே போய் ஜாலம் காட்ட அந்த அம்மாளுக்கு முழு வாய்ப்பு இருந்தது. அவர் போகவில்லை. சுருக்கமாக, அடக்கமாக வாசித்து நிறுத்திக்கொண்டார்.

மிருதங்கக்காரரும் பார்த்துக்கொண்டேதான் இருந்திருக்கிறார். தனி ஆவர்த்தனத்தை வழக்கத்தைவிட நீட்டினார். அந்தப் பிள்ளை இரண்டு மிடறு சுடுதண்ணீர் குடித்து, முகத்தைத் துடைத்து, தாளம் போட்டபடியே சமனமானாள். பின்வரிசைக்காரர்கள் "இன்னிக்கு மிருதங்கம் பிரமாதமுங்க" என்று பேசிக்கொண்டார்கள்.

சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு அடுத்த இலை அந்த வயலின் அம்மாளுக்கு. அடக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்: "ஏனுங்கம்மா, காம்போதியில அந்தப் புள்ள தடுமாறுச்சே, நீங்கதானுங்களே தூக்கி விட்டீங்க?"

ரசத்தை ஊதிக் குடித்தபடி, "தடுமாறிச்சா? எனக்கு ஒண்ணும் தெரியலீங்களே. நல்லாத்தானே பாடுச்சு?" என்றார். என்னைவிடக் கூர்மையான காது அது. பொய் சொல்கிறார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். மேற்கொண்டு மோர் வாங்கிக்கொள்வதைத் தவிர வேறு மரியாதை எனக்குத் தோன்றவில்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் இதை விஸ்தாரமாகச் சொன்னேன். பக்கவாத்தியம் வாசிக்கத் தெரிவதுதான் குடித்தனத்துக்கும் தேவை என்று ஒரு தத்துவமும் சேர்த்துச் சொன்னதாக ஞாபகம். மறுநாள் பக்கத்து வீட்டு அக்கா வந்திருந்தபோது இவள் ஏதோ கல்யாணக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். "அது செவ்வாக்கிழமை இல்ல, புதன்கிழமை" என்று என் வாய் தானாகப் புகுந்தது. அவள் திரும்பிப் பார்த்து, "உங்களுக்கு ஒரு கச்சேரி பத்தாதுங்க, இன்னும் பத்துக் கேளுங்க" என்றாள். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன்.

பின்னால் இருந்துகொள்கிற மனிதர்களுக்கு எங்கள் ஊரிலேயே பெரிய உதாரணம் உண்டு. 1930-இல் அவினாசிலிங்கம் செட்டியார் தொடங்கிய ராமகிருஷ்ண வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்தவர் பெரியசாமித் தூரன். ஈரோட்டுப் பக்கம் மஞ்சக்காட்டுவலசில் 1908-இல் பிறந்தவர். வெளியூரில் அவரைக் கலைக்களஞ்சியத்துக்காகச் சொல்வார்கள். 1954-இலிருந்து 1968 வரை பத்துத் தொகுதிகள், முதன்மை ஆசிரியர் அவர். யோசித்துப் பாருங்கள், கலைக்களஞ்சியம் என்பது மற்றவர்கள் எழுதியதைத் திருத்தி, சுருக்கி, அகர வரிசையில் உட்காரவைக்கிற வேலை. நல்ல கவிஞர், சிறுகதை எழுதியவர், நூற்றுக்கணக்கில் கீர்த்தனை எழுதியவர். தம் எழுத்து வன்மை இருந்த வயதில் இந்தப் பக்கவாத்தியத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

எங்கள் கூடத்தில் மாதம் தவறாமல் யாராவது தூரன் பாட்டு ஒன்று பாடுவார்கள். சுத்தசாவேரியில் 'தாயே திரிபுரசுந்தரி' அடிக்கடி வரும். கீரவாணியில் 'புண்ணியம் ஒரு கோடி'யும் வரும். பாட்டு முடிந்ததும் செயலாளர் வாத்தியார் எழுந்து, "இதை எழுதுனவரு நம்ம வித்யாலயத்துல வாத்தியாரா இருந்தவருங்க" என்பார், ஏதோ தம் சொந்தச் சித்தப்பாவைச் சொல்வதுபோல. பாட வந்த சென்னைப் பிள்ளைகள் பல பேர் கண்ணை விரிப்பார்கள். பாட்டு தெரிந்திருக்கிறது, ராகம் தெரிந்திருக்கிறது, எழுதியவர் பெயரும் தெரிந்திருக்கலாம். ஆள் இந்தச் சாலையில் நடந்து போனவர் என்பது தெரியாது. 1968-இல் அவருக்குப் பத்மபூஷண் கொடுத்தார்கள். 1987-இல் காலமானார். எங்கள் ஊரிலும் இளசுகளுக்கு அவரைத் தெரியாது, அதனால் வாத்தியார் மாதாமாதம் அதே அறிவிப்பைச் செய்கிறார். கேட்டுச் சலித்தவர்களும் ஒவ்வொரு முறையும் "அப்பிடீங்களா!" என்று சொல்லிவைக்கிறோம். புதிதாக வந்த ஒருவராவது அதை முதல்முறையாகக் கேட்பார் அல்லவா.

இந்த வருஷம் மன்றத்துக்குள் ஒரு விவாதம் கிளம்பியிருக்கிறது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் உள்ளூர்ப் பையன் ஒருவன் ஒலிபெருக்கிச் சாதனம் வாங்கப் பணம் தருகிறேன் என்கிறான். எங்களில் பாதிப் பேருக்குக் காது மந்தம் என்பதும் உண்மை. கடைசி வரிசைப் பெரியவர் ஒருவர் ஆலாபனை முழுக்கக் காதில் கையைக் குவித்தபடிதான் உட்கார்ந்திருக்கிறார். நானும் மறுக்கவில்லை, பேரிங் இப்போது என்னிடமும் அவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. வாத்தியாரிடம் போய், "முதல்ல அந்தப் பெரியவருக்கு முன்னால ஒரு நாற்காலி போட்டுப் பாக்கலாமுங்க" என்று மட்டும் சொன்னேன். அவருக்கு ஜமக்காளத்தின்மேல் நாற்காலி போடுவதில் உடன்பாடில்லை. ஜமக்காளம் கிழிந்துவிடும் என்கிறார். பேச்சு அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போயிருக்கிறது.