புகை எங்கேடா போகும்?

வெந்நீர் விஷயத்தில் தமிழன் சமரசம் செய்துகொள்ள மாட்டான். சென்னையில் நாற்பது டிகிரி வெயில் கொளுத்தும்போதுகூட, 'தலைக்கு ஊத்திக்க ஒரு சொம்பு வெந்நீர் கிடைக்குமா?' என்று கேட்கிற இனம் நாம். அப்படிப்பட்ட ஒருவனை அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், ஜனவரி மாதத்தில், மைனஸ் பதினைந்து டிகிரியில் கொண்டுபோய் வைத்தால் என்ன ஆகும்? ஹீட்டரைத் தவிர வேறெதையும் யோசிக்க மாட்டான். 2019 ஜனவரியில் என் நிலைமை அதுதான். வீட்டோடு வந்த ஹீட்டர் அடியில் துருப்பிடித்து ஒழுக ஆரம்பித்திருந்தது.

இங்கே ஒரு விளக்கம். அந்தப் பக்கத்தில் பழைய வீடுகள் பலவற்றில் எண்ணெய்தான் எரிபொருள். லாரி வந்து ஊற்றிவிட்டுப் போகும். ஏறக்குறைய டீசல்தான், சிவப்புச் சாயம் மட்டும் கலந்திருக்கும். சாலை வரி கட்டாத இந்த எண்ணெயை எவனாவது வண்டியில் ஊற்றி ஓட்டினால் கண்டுபிடிக்க வேண்டுமே! வீட்டுக்கு அடியில் நிலவறை மாதிரி ஒரு தளம். அங்கே 275 காலன் டாங்க், அதாவது சுமார் 1,040 லிட்டர். பக்கத்திலேயே ஹீட்டர். நாம் போர்த்திக்கொண்டு தூங்கும் கட்டிலுக்கு நேர் கீழே ஆயிரம் லிட்டர் எண்ணெய், கூடவே நெருப்பு. நிம்மதியாகத் தூங்குங்கள்!

"பாஸ், நாலு போல்ட்டு, மூணு குழாய். சனிக்கிழமை காலைல ஆரம்பிச்சா மத்தியானம் பிரியாணிக்குள்ள முடிச்சிடலாம்" என்றார் ஆபீஸ் நண்பர். திருநெல்வேலிக்காரர், கைராசிக்காரர், யூட்யூப் பார்த்து கார் பிரேக்கையே மாற்றியவர். கம்ப்யூட்டரில் வேலை செய்கிறவர்களுக்கு எதையும் கழற்றிப் பூட்டி ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும் என்றொரு நம்பிக்கை உண்டு. நெருப்பை ரீஸ்டார்ட் செய்கிற விஷயத்தில் எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. சட்டமும் விடாது. பர்னர் வேலைக்கு லைசென்ஸ் பெற்ற ஆள் வேண்டும். தண்ணீர்க் குழாய்க்கு லைசென்ஸ் பெற்ற பிளம்பர் தனி. தீயணைப்புத் துறையிடம் பர்மிட் வாங்க வேண்டும். அவர்கள் வந்து பார்க்கவும் செய்வார்கள். ஒரு பக்கெட் வெந்நீருக்கு இத்தனை கையெழுத்தா? நம்மூர் தாலுகா ஆபீஸ் ஞாபகம் வந்தது.

அந்தச் சமயம் அம்மா ஆறு மாத விஸாவில் வந்திருந்தாள். முழங்கால் வலி. மாடி ஏற முடியாது என்பதால் கீழ் அறையில், அதாவது ஹீட்டருக்கு நேர் மேலே, படுக்கை. அடித்தளத்தில் ஒரு சாதனம் எண்ணெய் எரித்துத் தண்ணீர் காய்ச்சுகிறது என்று சொன்னதும் அவள் விலை கேட்கவில்லை, கம்பெனி கேட்கவில்லை.

"புகை எங்கேடா போகும்?" என்றாள்.

படம் வரைந்து காட்டினேன். உருளை மாதிரி தொட்டி. நடுவில் மேல்நோக்கி ஒரு குழாய். கீழே நெருப்பு. சூடான புகை நடுக்குழாய் வழியே ஏறும்போது சுற்றியுள்ள தண்ணீர் காய்கிறது. புகை சிம்னிக்குப் போகிறது.

"இது நம்ம செம்பு பாய்லர்டா!"

உண்மைதான். நடுக்குழாயில் கரி போட்டு, மேலே சொம்பால் தண்ணீர் ஊற்றினால் பக்கக் குழாயில் வெந்நீர் வருமே, அதே தத்துவம். ஆனால், நம் பாய்லர் கொல்லையில் நின்றது. புகை பக்கத்து வீட்டுக்கொடியில் காயும் வேட்டியைக் கறுப்பாக்குமே தவிர ஆளைக் கொல்லாது. இங்கே பாய்லர் வீட்டுக்குள். ஜன்னல்களோ நவம்பரில் சாத்தினால் ஏப்ரலில்தான் திறக்கும்.

வந்தவர் அறுபது வயதுக்காரர். வாய் பேசாது, டார்ச் லைட் பேசும். புது ஹீட்டரைத் தொடவே இல்லை. முதலில் சிம்னியைப் பார்த்தார். அடியில் விழுந்து கிடந்த ஓட்டுச் சில்லுகளையும் கரியையும் வாரி எடுத்தார். பிறகு டேப் எடுத்து அடித்தளத்தின் நீள அகலத்தை அளந்தார்.

அந்த அளவுக்குக் காரணம் உண்டு. மணிக்கு ஆயிரம் பி.டி.யு. வெப்பத்துக்கு ஐம்பது கன அடி இடம் என்பது கணக்கு. என் ஹீட்டர் சுமார் 90,000 பி.டி.யு.; ஆக 4,500 கன அடி. என் அடித்தளம் முப்பதுக்கு இருபத்துநாலு, உயரம் ஏழடி. 5,040. பாஸ்! ஆனால், அருகிலேயே வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் வேறு அதே காற்றைத்தான் குடிக்கிறது. இரண்டுக்கும் சேர்த்தால் ஃபெயில். தடுப்புச் சுவர் வைத்து ஒரு சினிமா அறை கட்டலாம் என்று நானும் மனைவியும் போட்டிருந்த திட்டம் அந்த நிமிஷமே காலி. காற்றுப் போதாவிட்டால் எண்ணெய் அரைகுறையாக எரியும். கரி படியும், கார்பன் மோனாக்ஸைடு வரும். அதற்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஆசையாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், அசதி. காய்ச்சல் வரப்போகிறது என்று நினைத்துப் படுத்துவிடுவோம். எழுந்திருப்பது நிச்சயமில்லை.

ஹீட்டரை மாட்டிய பிறகுதான் வேடிக்கை. "எல்லா ஜன்னலையும் சாத்துங்கள்" என்றார். துணி உலர்த்தும் மெஷினை ஓடவிட்டார். இரண்டு பாத்ரூம் ஃபேன்களையும் போட்டார். "சமையலறை ஃபேன்?" என்று மேலே பார்த்தார்.

அந்த ஃபேன் வீட்டோடு வந்தது. ராட்சஸ ஃபேன். அம்மா கடுகு வெடிக்கும்போதெல்லாம் அதை முழு வேகத்தில் வைப்பாள். இல்லாவிட்டால் புகை அலாரம் வீட்டையே கூட்டிவிடும். போட்டேன். புகைக்குழாயில் செருகியிருந்த மீட்டரின் முள் மெல்ல மெல்ல பூஜ்யத்தை நோக்கி இறங்கியது. அதாவது, சிம்னி மேலே இழுப்பதை நிறுத்துகிறது. இன்னும் கொஞ்சம் போனால் புகை திரும்பி வீட்டுக்குள் வரும். இறுக மூடிய வீட்டிலிருந்து ஃபேன்கள் காற்றை வெளியே தள்ளும்போது அதற்கு ஈடான காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்தாக வேண்டுமே. சிம்னியைவிட வசதியான ஓட்டை எது?

ஆக, அம்மா சாம்பாருக்குத் தாளிக்கும் ஒவ்வொரு முறையும்... வாக்கியத்தை முடிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் நிதானமாக வெளிச்சுவரில் துளை போட்டு, நாலு அங்குலக் குழாய் வழியே வெளிக்காற்றை நேராக பர்னருக்கே கொண்டுவந்தார். அடித்தளத்துக்குத் தனியாக ஒரு காற்றுத் துவாரம். மறுபடி எல்லா ஃபேனும், மறுபடி மீட்டர். முள் அசையவில்லை. பிறகு ஒரு கைப்பம்பால் புகையை வெள்ளைத் தாள் வழியே பத்து முறை இழுத்து என்னிடம் காட்டினார். தாளில் கறையே இல்லை. பள்ளிக்கூட ரிப்போர்ட் கார்டுகூட எனக்கு அவ்வளவு சுத்தமாக வந்ததில்லை.

மற்றவை சுருக்கமாக. டாங்க் வாயில் ஒரு வால்வு. தீப்பிடித்தால் 74 டிகிரியில் அதிலுள்ள உலோகம் உருகி எண்ணெயை அடைத்துவிடும். தரையோரம் போகும் எண்ணெய்க் குழாய்க்கு உறை அல்லது கசிந்தால் தானே மூடும் வால்வு 2011-லிருந்து அந்த மாநிலத்தில் கட்டாயம். படி உச்சியில் சிவப்புத் தகட்டோடு ஒரு ஸ்விட்ச். கீழே என்ன எரிந்தாலும் இறங்காமலே பர்னரை நிறுத்தலாம். தொட்டியில் அழுத்தம் அதிகமானால் திறக்கும் வால்வு. சொட்டுகிறதே என்று அதன் வாயை அடைப்பவன் வீட்டுக்குள் வெடிகுண்டு வைக்கிறான் என்றே அர்த்தம்.

அவர் வாய் திறந்து சொன்னது ஒன்றுதான். பர்னரில் உள்ள சிவப்பு ரீஸெட் பட்டன். பர்னர் பற்றாவிட்டால் ஓர் எலெக்ட்ரானிக் கண், சுடரைக் காணோமே என்று சில விநாடிகளில் நிறுத்திவிடும். "ஒரு தடவை அமுக்கலாம். இரண்டாவது தடவைக்கு எனக்கு போன் பண்ணுங்கள்." ஒவ்வொரு அமுக்கலுக்கும் எரியாத எண்ணெய் உள்ளே தேங்கும். கடைசியில் ஒரே நேரத்தில் பற்றி, 'டமால்' என்று வீடு முழுக்கக் கரியை அப்பிவிடும். லிஃப்ட் பட்டனைப் பதினெட்டு முறை அமுக்குகிற நம் ஆட்கள் கவனிக்க!

தீயணைப்புத் துறை ஆசாமி வந்து பார்த்து கையெழுத்துப் போட்டார். கார்பன் மோனாக்ஸைடு அலாரங்களை ஒவ்வொரு மாடியிலும் அமுக்கிக் கத்தவைத்துப் பார்த்தார். அம்மா அறை வாசலிலிருந்து பத்தடிக்குள் ஒன்று இருக்கிறதா என்றும் அளந்தார். 2006 முதல் அங்கே அது சட்டம். 2005 ஜனவரிப் பனிப்புயலில் புகைக்குழாயின் வாயைப் பனி மூடி, வீட்டுக்குள் திரும்பிய வாயுவால் இறந்துபோன ஏழு வயதுச் சிறுமியின் பெயரால் 'நிக்கோல் சட்டம்' என்கிறார்கள். அம்மாவுக்குச் சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு பனி நாளிலும், 'வாசலை அப்புறம் வழிக்கலாம், முதல்ல சுவர்ல இருக்கிற ஓட்டையைப் பாரு' என்று என்னை மண்வெட்டியோடு துரத்தினாள்.

மொத்தச் செலவு நாலாயிரம் டாலரைத் தாண்டியது. திருநெல்வேலி நண்பர் இன்னமும் அதைச் சொல்லிக் காட்டுகிறார்.

2023 டிசம்பரில் பெங்களூரிலிருந்து அண்ணன் மகன் போன் செய்தான். ஐ.டி. கம்பெனி, பேச்சிலர் ஃபிளாட், மூன்று பையன்கள். "சித்தப்பா, சூப்பரா கேஸ் கீஸர் போட்டிருக்கோம். ஒரே நிமிஷத்துல வெந்நீர்."

"எங்கே மாட்டியிருக்கு?"

"பாத்ரூம் உள்ளதான்."

"ஜன்னல்?"

"இருக்கு. குளிர் அடிக்குதுன்னு அட்டை வெச்சு ஒட்டிட்டோம். காலைல குளிச்சா லேசா தலை சுத்துது, ராத்திரி ஷிப்ட்டுனால."

அட்டையை அந்த நிமிஷமே பிய்க்கச் சொன்னேன். சிலிண்டரை மூடச் சொன்னேன். மூடினதை வீடியோவில் காட்டச் சொன்னேன். வீட்டு ஓனர் முணுமுணுத்தாராம். வியாழக்கிழமை ஆள் வந்து கீஸரை வெளியே பால்கனிச் சுவருக்கு மாற்றி, வெந்நீர்க் குழாய் மட்டும் பாத்ரூமுக்குள் வரும்படி செய்தான். நடுவில் நாலு நாள் மூன்று பையன்களும் குக்கரில் தண்ணீர் காய்ச்சிக் குளித்தார்களாம். தலைசுற்றல் நின்றுவிட்டது. ராத்திரி ஷிப்ட் மட்டும் அப்படியேதான் இருக்கிறது.