டூட்டி எவ்வளவு நேரம்?

தமிழ் கற்பிப்போருக்கும் மின்மோட்டாருக்கும் என்ன உறவு என்று நண்பர்கள் வியக்கக்கூடும். நாம் வாழ்வது திருவொற்றியூரில். தியாகராசர் கோயிலும் பட்டினத்தார் சமாதியும் உள்ள இதே ஊரில்தான் 1946இல் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாக எம்.ஆர்.எஃப். தொடங்கியது, 1950களில் என்ஃபீல்ட் மோட்டார்சைக்கிள் ஆலை எழுந்தது. இங்கே இலக்கியம் பயில்வோரும் எந்திரச் சொற்களுக்குத் தப்ப இயலாது.

அடுத்த தெருவில் ஒரு மாணவர். பள்ளியிறுதிவரை தமிழ்வழியில் பயின்று, டிப்ளமோவில் சேர்ந்தவர். குமிழைத் திருகினால் சிறு மோட்டாரின் வேகம் கூடிக் குறையும் கருவியொன்றைத் தாமே இணைத்திருந்தார். கருவி செவ்வனே ஓடியது. ஆனால் வாய்மொழித் தேர்வில், 'டியூட்டி சைக்கிள்' யாதென்ற வினாவுக்கு அவரால் விடைகூற இயலவில்லை. "கை செய்யுது ஐயா, வாய்தான் வரல" என்றார். படிப்பை நிறுத்திவிட்டு ஆலையில் ஒப்பந்த வேலைக்குப் போய்விடலாமா என்ற எண்ணமும் அவருக்கு இருந்தது. அச்சொல்லுக்குத் தமிழ் கேட்டே நம்மிடம் வந்தார்.

"முதலில் கருவியைச் சொல்லுங்கள் தம்பி" என்றோம். அவர் சொல்லச் சொல்ல விளங்கியது. குமிழ் என்பது பொட்டென்ஷியோமீட்டர். கடைத்தெருவில் 'வால்யூம் கண்ட்ரோல்' என்றால் எடுத்துத் தருவார்கள். அதன் மூன்று கால்களில் ஓரக்கால்கள் இரண்டிற்கும் 5 வோல்ட்டும் தரையிணைப்பும் கொடுத்தால், குமிழின் திருப்பத்திற்கேற்ப நடுக்காலில் 0 முதல் 5 வோல்ட் வரை கிடைக்கும். ஆர்டுயினோ பலகையிலுள்ள மைக்ரோகண்ட்ரோலர் அதனை 0 முதல் 1023 வரையுள்ள ஓர் எண்ணாகப் படிக்கிறது. நான்கால் வகுத்து, 0 முதல் 255 வரையுள்ள எண்ணாக வெளியே தருகிறது.

வெளியே வருவது குறைந்த மின்னழுத்தம் அன்று என்பதுதான் நம்மை வியப்பித்தது. முழு மின்னழுத்தமே வருகிறது; ஆயின் நொடிக்கு ஏறத்தாழ 490 முறை வந்து வந்து நிற்கிறது. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் நிலைக்கிறது என்பதே வேகத்தைத் தீர்மானிக்கிறது. பலகையால் மோட்டாருக்கு வேண்டிய மின்னோட்டத்தைத் தாங்க இயலாதாகையால் இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வாயில்காப்போனாக நிற்கிறது. மின்னோட்டம் அறும்போதெல்லாம் மோட்டாரின் சுருள் எதிர்த்தெழுப்பும் மின்னழுத்தம் அவ்வாயிலைச் சிதைக்காதவாறு ஒரு டையோடு மாற்றுவழி தருகிறது.

நமக்கு மாத்திரைக் கணக்கு நினைவுக்கு வந்தது. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. அகரமும் ஆகாரமும் ஒரே குரலில் ஒலிப்பவை, வேறுபடுவது காலம். மோட்டாருக்கு ஊட்டப்படுவதும் குறிலும் நெடிலுமே. செவி ஒவ்வொரு மாத்திரையையும் பிரித்தறியும். மோட்டாரோ தன் சுழற்சியின் உந்தத்தால் சராசரியை மட்டுமே உணரும். அந்த அளவில் உவமை நின்றுவிடுகிறது.

மாணவர் தலையசைத்தார், முகம் தெளியவில்லை. மாத்திரை நம் சொல்லேயன்றி அவர் சொல் அன்று. எனவே, "உங்கள் தந்தையாருக்கு டூட்டி எவ்வளவு நேரம்?" என்று வினவினோம்.

"எட்டு மணி நேரம் ஐயா."

"நாளுக்கு 24 மணியில் எட்டு. 255இல் அது எவ்வளவு?"

சற்றே கணக்கிட்டு, "85" என்றார். பிறகு நாம் கேளாமலே, "டபுள் டூட்டி பார்த்தா 170" என்று சிரித்தார். நாள் என்பது ஒரு சுற்று. அதில் வேலைநேரத்தின் பங்கே டியூட்டி சைக்கிள். ஷிப்டுச் சங்கொலி கேட்டே வளர்ந்த பிள்ளைக்கு அச்சொல் தொடக்கம் முதலே சொந்தமாயிருந்தது. பாடநூலில் அது வேற்றுடையில் வந்ததால் அடையாளம் தெரியவில்லை.

அதன்பின் அவரே விளக்கினார். மின்தடையைக் கொண்டு வேகத்தைக் குறைத்தால் மிச்ச ஆற்றல் வெப்பமாக வீணாகும். பழைய மின்விசிறி ரெகுலேட்டர் பெட்டி சுட்டதற்குக் காரணம் அதுவே. முற்றத் திறந்தோ முற்ற மூடியோ இருக்கும் வாயிலில் இழப்பு மிகச் சிறிது. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீண்ட மெட்ரோ ரயில் புறப்படுகையில் எழும் ரீங்காரமும் இத்தகைய விரைந்த திறப்பு மூடலால் எழுவதே. ஆயின் அங்கு இயங்குவது மாறுமின்னோட்ட மோட்டார்.

கலைச்சொற்களை ஆக்கும் பணியை நாம் குறைத்துரைக்கவில்லை. ஆயினும் புதுச்சொல் வார்க்குமுன், மாணவரின் வீட்டில் எச்சொல் புழங்குகிறது என்று கேட்பது ஆசிரியரின் முதற்கடன். அது வடமொழியோ ஆங்கிலமோ, உழைப்பில் தேய்ந்து மெருகேறியிருந்தால் பொருள் அதனுள் உறைந்திருக்கும். அம்மாணவர் அடுத்த தேர்வு எழுதவிருக்கிறார். ஒப்பந்த வேலைப் பேச்சு இப்போதைக்கு எழவில்லை.