கையெட்டும் தூரத்தில் பாப்பா

‘குழந்தையை இனிமேல் தனியா படுக்க வைக்கப்போறோம்’ என்று ஏதாவது ஒரு வீட்டில் சொல்லிப் பாருங்கள். ‘ஏன், அது என்ன பாவம் பண்ணுச்சு?’ என்ற கேள்விதான் முதலில் வரும். நம் வீடுகளில் தனியாகப் படுப்பது கிட்டத்தட்ட ஒரு தண்டனை. காய்ச்சல்காரர்களும் கோபித்துக்கொண்டவர்களும்தான் தனியாகப் படுப்பார்கள்.

அம்பத்தூரில் இரண்டு அறை வாடகை வீட்டில் இருக்கும் அந்தக் குடும்பத்திலும் இதே கேள்வி வந்தது. கேட்டவர் பாட்டி. அப்பா மாநகரப் பேருந்து ஓட்டுநர். முதல் ஷிஃப்ட் என்றால் அதிகாலை மூன்று மணிக்கே எழுந்து கிளம்ப வேண்டும். அம்மா ஏற்றுமதித் துணி கம்பெனியில் செக்கிங் பார்ப்பவர். 26 வாரப் பேறுகால விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பியாகிவிட்டது. பாப்பாவுக்கு ஒன்பது மாதம். பகலில் பாட்டியின் பருத்திப் புடவையில் கட்டிய தூளி, இரவில் கட்டிலில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இடம். ராத்திரி ஐந்து முறையாவது விழிப்பு. ஒவ்வொரு முறையும் பால் கொடுத்தால்தான் மறுபடி தூக்கம்.

இதையெல்லாம் அம்மா பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். பொறுக்க முடியாமல் போனது ஒரு ராத்திரியில். அன்று அப்பாவுக்கு டபுள் டூட்டி. வந்து படுத்தவர் அசந்துவிட்டார். நடுச்சாமத்தில் அம்மா விழித்துப் பார்த்தால், அப்பாவின் கை பாப்பாவின் மூக்கு வாயை மூடிக் கிடக்கிறது. பாப்பா அழக்கூட முடியாமல் காலை உதைத்துக்கொண்டிருக்கிறது. கையை எடுத்துப் போட்டதும் வீறிட்டது. வேறு ஒன்றும் ஆகவில்லை. அப்பா எழுந்து உட்கார்ந்து, நடந்ததைக் கேட்டுவிட்டு, தலையணையை எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார். மறுநாள் விடியற்காலை அவர் பஸ் எடுக்க வேண்டும். தூங்கினாரா என்று யாரும் கேட்கவில்லை.

“எங்க காலத்துல ஏழு பிள்ளைங்களும் ஒரே பாயிலதாம்மா கிடந்தோம். யாருக்கு என்ன ஆச்சு?” என்றார் பாட்டி. அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்தப் பாய் கோரைப்பாய், அதற்குக் கீழே தரை. முகம் புதையாது, தலையணைக் குவியல் கிடையாது, விழவும் உயரம் இல்லை. இன்றைய படுக்கை அப்படியா? கை வைத்தால் அமுங்கும் ஃபோம் மெத்தை, நான்கு தலையணை, ஏ.சி.க்காக ஒரு தடித்த போர்வை. அதோடு உழைத்துக் களைத்து மரக்கட்டையாகத் தூங்கும் ஒரு மனிதர். ஜப்பானிலும் தாய், தந்தைக்கு நடுவில் குழந்தையைப் படுக்க வைக்கும் வழக்கம் உண்டு. மூன்று கோடுகளால் ஆன ‘ஆறு’ என்ற எழுத்தைப்போல் படுப்பது என்று அதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். அவர்களும் வழக்கமாக அப்படிப் படுத்தது தரையில் விரிக்கும் படுக்கையில்தான்.

குழந்தை மருத்துவர் சொன்னதைக் கேட்டபோது பாட்டிக்கே கொஞ்சம் சமாதானமானது. தனியாகப் படுப்பது என்றால் தனி அறை இல்லை, தனிப் படுக்கை. அமெரிக்கக் குழந்தைகள் நல மருத்துவர்கள் சங்கமே, முதல் ஆறு மாதமாவது பெற்றோர் இருக்கும் அறையிலேயே குழந்தை தூங்க வேண்டும், ஆனால் படுக்கை மட்டும் தனியாக இருக்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. ஒரு வயதுவரை மல்லாக்கப் படுக்க வைக்க வேண்டும். அந்த நாட்டில் இதை 1994-ல் ஒரு பெரிய பிரசாரமாகவே எடுத்துப்போன பிறகு, காரணம் தெரியாமல் தூக்கத்தில் நிகழும் சிசு மரணங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. தூளியைப் பற்றியும் மருத்துவர் ஒன்று சொன்னார். முதுகு வளைந்து, முகவாய் மார்பில் போய் முட்டினால் மூச்சுப் பாதை அழுந்தும். தூளியில் போட்டால் கண் அகலக் கூடாது.

பிறகு மரக் கட்டில் வந்தது. பழையதுதான், ஒன்றுவிட்ட அக்கா வீட்டிலிருந்து. கம்பிகளுக்கு நடுவில் 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது என்பதால் அப்பா ஸ்கேல் வைத்து அளந்து பார்த்தார். கெட்டியான மெத்தை, இழுத்துக் கட்டிய விரிப்பு. தலையணை, கரடி பொம்மை எதுவும் உள்ளே கிடையாது. கட்டிலைப் பெரிய கட்டிலுக்குப் பக்கத்தில், அம்மாவின் கை எட்டும் தூரத்தில் போட்டார்கள்.

கட்டில் வந்ததும் தூக்கம் வந்துவிடுமா? குழந்தையின் தூக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒரு சுற்று. பெரியவர்களுக்கு அது ஒன்றரை மணி நேரம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் எல்லோரும் லேசாக விழிக்கிறோம், புரண்டு படுக்கிறோம். தூங்கும்போது வாயில் பால் இருந்தது, விழிக்கும்போது இல்லை என்றால் குழந்தை தேடாதா? அதனால் பாலையும் தூக்கத்தையும் முதலில் பிரிக்க வேண்டியிருந்தது. பால் கொடுத்து, உடம்பு துடைத்து, விளக்கைக் குறைத்து, கண் சொருகும் நேரத்தில், ஆனால் முழுதாகத் தூங்கும் முன்பே கட்டிலில் விட வேண்டும்.

அழவிட்டுப் பழக்கும் முறை ஒன்று உண்டு. அமெரிக்க மருத்துவர் ரிச்சர்ட் ஃபெர்பர் 1985-ல் எழுதிய புத்தகத்தால் பிரபலமானது. உள்ளே போய்ப் பார்க்கும் இடைவெளியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போவார்கள். அதற்குச் சுவர் தடியாக இருக்க வேண்டும். இங்கே முதல் நாள் பத்தாவது நிமிடமே பக்கத்து வீட்டு அக்கா கதவைத் தட்டிவிட்டார், “என்னம்மா, குழந்தைக்கு வயித்துவலியா? ஓம வாட்டர் இருக்கு, தரட்டா?” என்று.

அதனால் மெதுவான வழி. முதல் வாரம் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை. அடுத்த வாரம் கை இல்லை, குரல் மட்டும். அதற்கடுத்து நாற்காலி ஓரடி தள்ளிப் போனது. நடுவில் எதிர்பாராத ஒரு சிக்கல். ஒன்பது மாதக் குழந்தை கம்பியைப் பிடித்து எழுந்து நின்றுவிடும். திரும்ப உட்காரத் தெரியாது. நின்றபடியே தூங்கி விழுந்து அழும். பகலில் பாட்டிதான் கட்டில் கம்பியைப் பிடித்து உட்காரவும் எழவும் விளையாட்டாகச் சொல்லிக்கொடுத்தார். நான்கு நாளில் பிடித்துக்கொண்டது. தனிக்கட்டிலை எதிர்த்தவர் பாட்டி, அதில் பாப்பா தூங்கக் காரணமானவரும் அவரே. தாலாட்டை மட்டும் அவர் விடவில்லை. அதை விடச் சொல்லவும் யாருக்கும் மனமில்லை.

பாப்பா ஐந்து முறை எழுவது இரண்டாகக் குறைந்த சமயத்தில் ஊரில் காதுகுத்து. குலதெய்வக் கோயில், கிடா விருந்து, பெரியப்பா வீட்டு ஹாலில் பத்துப் பேர் வரிசையாகப் பாயில். அங்கே மரக்கட்டிலைப் பற்றிப் பேச முடியுமா? நான்கு ராத்திரியும் பாப்பா அம்மாவை ஒட்டியே படுத்தது. திரும்பி வந்ததும் முதல் ராத்திரி நாற்பது நிமிட அழுகை. நாற்காலி பழைய இடத்துக்கே வந்தது. இந்த முறை மூன்று வாரம் தேவைப்படவில்லை, ஆறு நாளில் சரியானது.

அப்பா இப்போது ஹாலிலிருந்து அறைக்குத் திரும்பிவிட்டார். அசந்து தூங்குகிறார். அம்மாதான் ராத்திரியில் விழித்துக்கொள்கிறார். பக்கத்தில் கை வைத்தால் மெத்தை காலியாக இருக்கிறது. கம்பிக்கு நடுவே விரலை விட்டு, வயிறு ஏறி இறங்குவதைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் படுக்கிறார். பாப்பா தனியாகத் தூங்கக் கற்றுக்கொண்டதைவிட அம்மா கற்றுக்கொள்ள அதிக நாள் ஆகும் போலிருக்கிறது.

அதிகாலைப் பால் ஒன்று பாக்கி. அதை எப்போது நிறுத்துவது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. ஒரு வயது போதும் என்கிறார் அம்மாவின் தோழி. இரண்டு வயது முடியட்டும் என்கிறார் பாட்டி. தாய்ப்பால் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இரண்டு வயதும் அதற்கு மேலும்தான். அது தெரிந்ததிலிருந்து பாட்டியைக் கையில் பிடிக்க முடியவில்லை.