பித்தளை வில்லைகள்

நாணயம் சேகரிப்போருள் பலர் வங்கி வில்லைகளை ஒரு பொருட்டாகக் கொள்வதில்லை. அரசனின் தலை இல்லை, மதிப்பு இல்லை, ஆண்டும் இல்லை. வங்கியின் பெயரும் ஓர் எண்ணுமே உண்டு. டோக்கன் என்று நாம் வழங்கும் இவ்வில்லையை முன்பெல்லாம் காசோலை நீட்டியவருக்கு எழுத்தர் அளிப்பார். கையொப்பமும் பேரேடும் சரிபார்க்கப்படும் வரை அதுவே பிணை. எண்ணை அழைத்ததும் வில்லையைத் திருப்பித் தந்து பணம் பெறுவர்.

ஆண்டில்லா வில்லைக்குக் காலம் கணிப்பது, ஆசிரியர் பெயரில்லா ஏட்டுச்சுவடிக்குக் காலம் கணிப்பதை ஒத்தது, அகச்சான்றே துணை. 1843இல் தோன்றிய பாங்க் ஆஃப் மெட்ராஸ், வங்காள, பம்பாய் வங்கிகளோடு 1921இல் இணைந்து இம்பீரியல் வங்கியாயிற்று. 1955இல் அது பாரத ஸ்டேட் வங்கியாயிற்று. எனவே பாங்க் ஆஃப் மெட்ராஸ் என்னும் பொறிப்பு 1921க்கு முந்தியது. இம்பீரியல் என்றிருப்பின் இடைப்பட்ட 34 ஆண்டுகளுக்குரியது. புழங்கிய காலம் அதற்கப்பாலும் நீண்டிருக்கலாம்.

தேய்மானமும் ஒரு சான்று. பல கைகள் மாறிய வில்லையில் விளிம்பும் எழுத்தின் மேடும் மழுங்கும். பள்ளத்தில் அழுக்குத் தங்கும். மேடும் பள்ளமும் ஒன்றுபோலக் கறுத்திருந்தால், அமிலத்தில் தோய்த்த புதுச்சரக்கோ என ஐயுற வேண்டும்.

தீப்பெட்டி ஆலையால் பெயர்பெற்ற நம் விம்கோ நகரில் இன்னொரு சிக்கல் உண்டு. ஆலைகளிலும் பித்தளை வில்லைகள் வழங்கின. வருகையைக் குறிக்கவும், கிடங்கில் கருவி வாங்கும்போது அடையாளமாக ஆணியில் மாட்டி வைக்கவும் தொழிலாளருக்கு எண்ணிட்ட வில்லை தரப்படும். துளை இருவகையிலும் உண்டு. அதைக்கொண்டு முடிவுசெய்ய இயலாது.

அண்மையில் காயலான் கடையொன்றில் 317 என்ற எண் மட்டுமே பொறித்த வில்லையைக் கண்டோம். "வெள்ளைக்காரன் பேங்க் காசு சார்" என்றார் கடைக்காரர். வங்கியின் பெயர் எங்கே என வினவினோம். "பேங்க்னு சொன்னாதான் சார் விலை போவும்" என்று சிரித்தார்.

அவர் பிழைப்பை நாம் குறை கூறவில்லை. ஆயினும் சேகரிப்பவர் ஏட்டில் அதே பொய் ஏறினால், பிறகு அதைத் திருத்துவாரில்லை. ஒருவர் பல்லாண்டு தம் பெயருக்கு ஈடாகச் சுமந்த எண்ணாக அது இருக்கக்கூடும். அதை வங்கிக்கு எழுதிவைத்தால் அவர் இருந்த தடயமே அழிந்துபோகும். நாணயம் என்ற சொல்லுக்கு நேர்மை என்றும் பொருளுண்டல்லவா? கேட்ட விலையைத் தந்து வாங்கினோம். "எண் 317. பித்தளை. திருவொற்றியூர் வட்டாரம். வங்கி என்பதற்குச் சான்றில்லை" என்று உறையின் மேல் எழுதி வைத்திருக்கிறோம்.