இயந்திரத்தைத் திறக்குமுன்

மோட்டார் வண்டி வைத்திருப்போருக்கு வரும் துன்பங்களுள், வண்டி நடுவழியில் நின்றுவிடுவது அத்துணைப் பெரிதன்று. நின்ற வண்டியைத் தள்ளிவிட நாலுபேர் வருவர். நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியை வழக்கமான பராமரிப்புக்கென ஒப்படைத்துவிட்டு வீட்டிலிருக்கும்பொழுது, "எஞ்சினில் பெரிய வேலை இருக்கிறது" என்று தொலைபேசியில் ஒரு செய்தி வருகின்றதே, அதுதான் பெருந்துன்பம். பணம் செலவாகப்போகின்றது என்பது ஒருபுறமிருக்க, அந்த வேலை மெய்யாகவே வேண்டியதுதானா என்பதை அறியும் வழி தெரியாதிருப்பதே மனத்தை அதிகம் வருத்துகின்றது.

நாம் விலைகொடுத்துப் பெறுவனவற்றுள், வாங்குமுன்னரே தரம் தெரிபவை சில. கத்தரிக்காயைப் புரட்டிப் பார்த்து வாங்குகின்றோம். பயன்படுத்திய பின்னர்த் தரம் தெரிபவை சில. மாம்பழத்தின் சுவை அறுத்துண்ட பின்னரே தெரியும். மூன்றாவது வகையும் ஒன்றுண்டு. பயன்படுத்திய பின்பும் அதன் தேவையோ தரமோ வாங்கியவருக்குத் தெரியவராது. டார்பி, கார்னி என்னும் பொருளியலாளர் இருவர் 1973 ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில் இம்மூன்றாம் வகையை ஆராய்ந்து, அதற்குத் தனிப் பெயரும் இட்டனர். தமிழில் அதனை நம்பிக்கைப் பண்டம் எனலாம். வைத்தியமும் வாகனத் திருத்த வேலையும் இவ்வகையைச் சார்ந்தவை. நோய் இன்னதென்று சொல்பவரும் அதற்கு மருந்து விற்பவரும் ஒருவரேயாக இருப்பதே இங்குள்ள சிக்கல்.

திருத்திய பின் வண்டி நன்றாக ஓடுகின்றது. எனவே திருத்தம் வேண்டியதுதான் என்று பலர் ஆறுதலடைவர். இது சரியான நியாயமன்று. பழுதான இயந்திரத்தைத் திருத்தினாலும் நன்றாக ஓடும். பழுதற்ற இயந்திரத்தைத் திறந்து மூடினாலும் நன்றாகவே ஓடும். ஆசிரியத் தொழிலில் இதனை நாம் நாள்தோறும் காண்கின்றோம். மாலை வகுப்புக்குப் போன மாணவன் பரீட்சையில் நல்ல பெறுபேறு பெற்றால், அவ்வகுப்பே காரணமெனப் பெற்றோர் கொள்வர். போகாதிருந்தாலும் அவன் அப்பெறுபேற்றைப் பெற்றிருப்பானா என்பதை எவரும் அறியார்.

எமது அயலில் ஓய்வுபெற்ற எழுதுவினைஞர் ஒருவர் இருக்கின்றார். அவருடைய காரை, விற்ற நிறுவனமே பராமரித்து வந்தது. ஒருநாட் காலை எண்ணெய் மாற்றக் கொடுத்தார். பிற்பகல் அவருக்குத் தொலைபேசியில் அழைப்பு வந்தபொழுது இயந்திரத்தின் தலைப்பாகம் கழற்றப்பட்டுவிட்டது. பழைய உறுப்புகளைக் கேட்டார்; கழிவோடு போய்விட்டன என்றனர். கேட்ட பணத்தைக் கட்டி வண்டியை எடுத்துவந்தார். இரண்டு ஆண்டுகளாக வண்டி ஒரு குறையுமின்றி ஓடுகின்றது. ஆயினும், "என்னை ஏமாத்திப் போட்டாங்களோ, இல்லாட்டி நான்தான் வீணாச் சந்தேகப்படுறனோ" என்று மதிலருகே நின்று அவர் கேளாத மாதமில்லை. ஏமாற்றப்பட்டேன் என்று உறுதியாகத் தெரிந்தால் அவர் முறையிட்டிருப்பார். நேர்மையாக நடந்தனர் என்று தெரிந்தால் மறந்திருப்பார். இரண்டுக்கும் இடமின்றிப் போயிற்று.

1941 ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' சஞ்சிகை இதுபற்றி ஒரு சோதனை செய்தது. நல்ல நிலையிலிருந்த காரில் ஒரு கம்பியை மாத்திரம் கழற்றிவிட்டு, அதனை 347 திருத்தகங்களுக்குக் கொண்டுசென்றனர். அவற்றுள் 129 மாத்திரமே கம்பியை மாட்டிவிட்டு, பணம் பெறாமலோ சிறுதொகை பெற்றோ அனுப்பின. மற்றைய 218 திருத்தகங்களும் வேண்டாத வேலைகளைச் செய்தன அல்லது செய்ததாகக் கணக்கெழுதின. இத்தொகைகளைக் காட்டிலும் சோதனை நடந்த முறையே கவனிக்கத்தக்கது. பழுது எது என்பதைச் சோதித்தவர் முன்னரே அறிந்திருந்தனர். அதனாலேயே அவர்களால் தீர்ப்பளிக்க முடிந்தது. நமக்கு அந்த வசதி இல்லை. ஆகையால் நமக்கு வேறு சான்று வேண்டும்.

முன்னாளில் யாழ்ப்பாணத்தில் அச்சான்று தானாகவே கிடைத்து வந்தது. வடபகுதிக்குப் பெற்றோல் வராது தடுக்கப்பட்டிருந்த 1990 களில் ஒஸ்ரின் ஏ 40, மொறிஸ் மைனர் வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை முடுக்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். கரிபிடித்த இயந்திரத்தை அடிக்கடி கழற்ற வேண்டியிருக்கும். வேப்பமர நிழலிற் சாக்கை விரித்து மெக்கானிக் கழற்றுவார். உரிமையாளர் அருகிலிருந்து சாவிகளை எடுத்துக் கொடுப்பார். சிறுவராயிருந்த நாமும் சுற்றி நிற்போம். "இஞ்சை பாரண்ணை, வால்வு எரிஞ்சு கிடக்கிற வடிவை" என்று மெக்கானிக் தூக்கிக் காட்டுவார். பழுதைக் கண்ணாற் கண்ட பின் ஐயத்துக்கு இடமேது? இன்றோ வண்டி உள்ளே போகின்றது. உரிமையாளர் குளிரூட்டிய அறையில் தேநீருடன் இருக்கின்றார். நடுவே ஒரு சுவர் இருக்கின்றது.

சென்ற ஆண்டு எமக்கும் அத்தகைய அழைப்பொன்று வந்தது. "சேர், கூலன்ற் குறைஞ்சிருக்கு. ஹெட் காஸ்கெற் போட்டுது. ஹெட்டைக் கழட்டத்தான் வேணும். அதோடை பிஸ்ரன் றிங்கையும் மாத்தினா நல்லம்." மதிப்பீடு 310,000 ரூபா. மூத்த மகளின் பல்கலைக்கழகச் செலவுக்கென ஒதுக்கியிருந்த தொகையும் ஏறத்தாழ அவ்வளவே. வண்டியை விற்றுவிடவும் மனம் வரவில்லை. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன் பின்னரும் வேறொரு வண்டி வாங்குவது எம்போன்றோருக்கு எளிதன்று.

வீட்டில் இரு கட்சிகள் தோன்றின. "உவங்கள் எல்லாரும் கள்ளர், அத்தான், வண்டியை எடுத்துக்கொண்டு வாங்கோ" என்றார் மைத்துனர். "அவ்வளவு பெரிய கொம்பனி பேரைக் கெடுப்பாங்களே?" என்றார் மனைவியார். இருவரும் ஆளைத்தான் எடைபோட்டனர். இயந்திரத்தைப்பற்றி எவரும் பேசவில்லை. "ஒன்றையும் கழட்டாமல் வையுங்கோ தம்பி, வாறன்" என்று சொல்லிவிட்டு நாம் புறப்பட்டோம்.

ஹெட் காஸ்கெற் என்பது இயந்திரத்தின் உடலுக்கும் தலைப்பாகத்துக்கும் இடையே கிடக்கும் மெல்லிய தகடு. எரிவாயுவின் அமுக்கம், குளிர்த்தும் நீர், எண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமற் காப்பது அதுவே. அது பழுதுற்றால் நீர் குறையும் என்பது மெய். ஆனால், நீர் குறைந்ததெல்லாம் அதனாலேயே என்பது பொய். குழாயிற் கீறல், நீர்ப்பம்பியில் ஒழுக்கு, றேடியேற்றர் மூடியின் தளர்வு ஆகியவற்றாலும் நீர் குறையலாம். எனவே மேற்பார்வையாளரான இளைஞரிடம், "தம்பி, உது காஸ்கெற்தான் எண்டதை எதை வைச்சுச் சொல்லுறியள்?" என்று கேட்டோம். அவர் சினங்கொள்ளவில்லை. "செக் பண்ணிக் காட்டுறன் சேர்" என்றார்.

றேடியேற்றரின் வாயில், நீலநிறத் திரவம் கொண்ட கண்ணாடிக் குழாயொன்றைப் பொருத்தி இயந்திரத்தை ஓடவிட்டார். எரிந்த வாயு நீரோடு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். சில நிமிடங்களில் மஞ்சளாயிற்று. பின்னர்ப் பிளக்குகளைக் கழற்றி ஒவ்வொரு சிலிண்டரின் அமுக்கத்தையும் அளந்தார். சதுர அங்குலத்துக்கு இத்தனை இறாத்தல் என்ற கணக்கில், முதலிரண்டும் 178, 176. மூன்றாவதும் நான்காவதும் 118, 121. அடுத்தடுத்த இரு சிலிண்டர்கள் ஒருங்கே தாழ்ந்திருப்பின், அவற்றினிடையே காஸ்கெற் எரிந்திருக்கக் கூடும். இனி றிங்கின் நிலை. தாழ்ந்த சிலிண்டர்களுள் ஒவ்வொரு கரண்டி எண்ணெய் விட்டு மீண்டும் அளக்கும்படி கேட்டோம். றிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் அவ்விடைவெளியை அடைக்க, அமுக்கம் உயர வேண்டும். வந்த எண்கள் 120, 122. உயரவில்லை என்றே கொள்ளலாம்.

ஆகவே காஸ்கெற் வேலை மெய்யாகவே வேண்டியது. றிங் வேலை வேண்டாதது. அந்த இளைஞரே பேனாவை எடுத்து அவ்வரியை வெட்டிவிட்டார். ஏமாற்றும் எண்ணத்தால் அவர் அதனை எழுதினார் என்று நாம் சொல்லமாட்டோம். திறந்ததோடு எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் பின்னர்க் குறைசொல்ல இடமிராது என்று எண்ணியிருக்கலாம். அவருள்ளத்தை அளக்க எம்மிடம் கருவி இல்லை. சிலிண்டரை அளக்க அவரிடமே கருவி இருந்தது. மூன்றாம் நாள் 165,000 ரூபா கட்டினோம். பழைய காஸ்கெற்றைக் காகிதத்திற் சுற்றித் தந்தனர். மூன்றாம், நான்காம் துவாரங்களுக்கிடையேயுள்ள ஒடுங்கிய பகுதி கருகி, அக்கருமை பக்கத்து நீர்த்துவாரம் வரை சென்றிருந்தது. மைத்துனர் அதனை வெயிலிற் பிடித்து நெடுநேரம் பார்த்தார்; ஒன்றும் சொல்லவில்லை.

இத்தகைய அழைப்பு எவருக்கும் வரலாம். அப்பொழுது கேட்கவேண்டியவை சிலவே. திறக்குமுன் எழுத்தில் மதிப்பீடு, எந்தச் சோதனையால் பழுது தெரியவந்தது என்பது, அதன் அளவு, மாற்றப்பட்ட பழைய உறுப்பு ஆகியவை அவை. சோதனை என்பதும், பழுது இல்லையாயின் வேறு விடை தந்திருக்கக்கூடிய ஒன்றாக இருத்தல் வேண்டும். "எங்கட அனுபவத்திலை சொல்லுறம்" என்பது சோதனையாகாது. 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடுவோர்க்கும் இவையே துணை. சான்றில்லாத முறைப்பாடு எங்கே சென்றாலும் வலுப்பெறுவது அரிது.

இவ்வாறு கேட்பது திருத்துவோரை அவமதிப்பதாகும் எனச் சிலர் கூசுவர். உண்மை அதுவன்று. சான்று காட்டாத இடத்தில் நேர்மையாளனும் கள்ளனும் ஒரே நிறமாகவே தோன்றுவர். அதனால் இழப்படைபவன் நேர்மையாளனே. எமது அயலவரின் வண்டியைத் திருத்தியவர்கள் ஒருவேளை நூற்றுக்கு நூறு நேர்மையானவர்களாக இருக்கலாம். ஆயினும் கழிவோடு வீசப்பட்ட அந்தப் பழைய தகட்டோடு அவர்களுடைய நற்பெயரும் போய்விட்டது.